ஆடாமல் பிடிப்பது எப்படி? – ஒரு சுழல்தண்டின் வரலாறு

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு லேத்துப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. பேரேட்டையும் ஐந்தொகையையும் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, ஒரு திருகு தளர்வதைப் பற்றி எழுதப்போகிறேன். ஒரு திருகுக்குப் பின்னால் இவ்வளவு நீளமான சரித்திரமா என்று எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். கணினி சொல்லும் பாதையில் கத்தியை நகர்த்தி மரம், அலுமினியம், இரும்பு முதலியவற்றை வெட்டும் இயந்திரத்தைத்தான் சிஎன்சி என்கிறோம். தொழிற்சாலைகளில் இது லாரியில் வந்து கிரேன் வைத்து இறக்க வேண்டிய சாமான். ஆனால் கடந்த பதினைந்து வருடங்களாக, மேசைமேல் வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு ரகமும் பரவிவிட்டது. '3018' என்று ஒரு வகை இருக்கிறது. வெட்டும் பரப்பு 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர், அதனால் அந்தப் பெயர். எடை பத்து கிலோகூட வராது. இதில் கத்தியைப் பிடித்துச் சுழற்றும் பாகம் ஸ்பிண்டில், அதாவது சுழல்தண்டு. அந்த ஸ்பிண்டிலைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். (வில்லன் என்றும் சொல்லலாம்.) அந்த வளையம் தளர்ந்தால் போச்சு! நேர்கோடு அலையடிக்கும், வட்டம் முட்டையாகும், மரத்தின் ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும்.

இந்த நோய் சீனாவிலிருந்து பெட்டியில் வந்த புது நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தையே சில வருடங்கள் முடக்கி வைத்திருந்த நோய் இது.

தமிழில் 'கடைதல்' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டிலும் ஒரு தண்டு, ஒரு கயிறு, இழுக்கும் கை. பாற்கடலைக் கடைந்த கதை நினைவிருக்கிறதா? மந்தர மலை மத்தாகவும் வாசுகி கயிறாகவும் ஆன பிறகும் வேலை நடக்கவில்லை. அடியில் பிடிமானம் இல்லாமல் மலை கடலுக்குள் அமிழ்ந்துபோனது. திருமாலே ஆமையாக வந்து கீழே தாங்க வேண்டியதாயிற்று. ஸ்பிண்டில் மவுண்ட் பழுதாகி, அதைச் சரிசெய்த முதல் கதை என்று இதைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். (ஹிஹி)

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்கிறார்களே, அங்கேயும் கடைசல் உண்டு. காவிரி வண்டலில் அச்சு எடுத்து, அடிப்பாகம், தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் போட்டு மெருகேற்றி, மரை வைத்து ஒன்றோடொன்று திருகி மாட்டுகிறார்கள். கடைசல் வேலையின் பழைய முறையில் சுற்றுவது பொருள், உளி ஆசாரியின் கையில். இது ரொம்ப முக்கியம். பொருள் கொஞ்சம் ஆடினால் கை அதை உணர்ந்துகொள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும், கோணத்தை மாற்றும். இயந்திரத்தின் குறையை மனிதனின் தசை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கையிலிருந்து உளியை வாங்கி இரும்பிடம் கொடுத்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது.

நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739ல். அதற்கு முந்தைய வருடம் பாரிஸில் வோகான்சோன் என்பவர் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு இயந்திர பொம்மையைக் காட்டி ஊரையே வாய்பிளக்க வைத்தார். பிறகு அவரைப் பட்டுத் தொழிலுக்கு ஆய்வாளராக அரசு நியமித்தது. பட்டுத் துணிக்கு மெருகு போடும் உலோக உருளைகள் வேண்டும், அவை சீராக இருக்க வேண்டும். கையால் கடைந்தால் சரியாக வராது. ஆகவே 1751 வாக்கில் அவர் ஒரு லேத்து செய்தார். அதில் மரச்சட்டம் கிடையாது, கனமான இரும்புக் கம்பிகளால் ஆன கூண்டு. உளியைப் பிடித்த பாகம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் நகரும். பாரிஸில் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் ஒரு சின்ன உருளையைக் கடைய இவ்வளவு இரும்பா என்று தோன்றும். அந்த இரும்பு வெட்டுவதற்காகப் போட்டது அல்ல, ஆடாமல் நிற்பதற்காகப் போட்டது.

சரி, இப்போது வாட் கதைக்கு வருவோம். அவர் தன் நீராவி இயந்திரத்துக்கு 1769ல் காப்புரிமை வாங்கிவிட்டார். காகிதத்தில் எல்லாம் பிரமாதம். ஆனால் சிலிண்டரின் உட்புறம் சரியான வட்டமாக இல்லாததால் பிஸ்டனைச் சுற்றி நீராவி ஒழுகிக்கொண்டே இருந்தது. எண்ணெயில் நனைத்த துணி, தக்கை, காகிதக் கூழ், பழைய தொப்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் இடுக்கில் அடைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய பொறியாளர் ஸ்மீட்டன், இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்ய நாட்டில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஸ்மீட்டன் சும்மா சொல்லவில்லை, அவரும் முயன்றவர்தான். 1770 வாக்கில் ஸ்காட்லாந்தின் காரன் வார்ப்பாலைக்கு அவர் அமைத்த துளையிடும் இயந்திரத்தில், கத்தி ஒரு நீண்ட தண்டின் நுனியில் இருந்தது. தண்டை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருந்தார்கள். மறுமுனை சிலிண்டருக்குள் அந்தரத்தில். தன் எடையாலேயே அது தாழ்ந்து, சிலிண்டரின் கீழ்ப்பக்கத்தை அதிகமாகச் சுரண்டியது. அதைத் தாங்க உள்ளேயே ஓடும் ஒரு சக்கர வண்டியை வைத்துப் பார்த்தார். வண்டி ஓடுவது வார்ப்பின் மேடுபள்ளத்தின்மேல்தானே? மேடுபள்ளத்தையே நகல் எடுத்தது.

பிறகு வந்தவர் ஜான் வில்கின்சன். இரும்புப் பைத்தியம் என்றே சொல்லலாம், 1808ல் இறந்தபோது இரும்புச் சவப்பெட்டியில்தான் அடக்கம் ஆனார். 1774ல் பீரங்கி துளையிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகமெங்கும் மோதிக்கொண்டிருந்தார்கள், காரைக்காலே பலமுறை கைமாறியது. ஆகவே பீரங்கிக்குச் சந்தை எப்படி இருந்திருக்கும் என்று காமர்ஸ் படிக்காதவர்களும் ஊகிக்கலாம். அடுத்த வருடமே சிலிண்டருக்காக ஒரு தனி இயந்திரம் செய்தார். அவர் செய்த மாற்றம் கேட்டால் 'ப்பூ, இவ்வளவுதானா' என்பீர்கள். தண்டைச் சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து, இரண்டு பக்கமும் தாங்கி வைத்துப் பிடித்தார். அவ்வளவுதான்.

50 அங்குல விட்டம் உள்ள சிலிண்டர் ஒன்றில், எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுக்குக்கூடப் பிசகு இல்லை என்று வாட்டின் பங்குதாரர் போல்ட்டன் மகிழ்ச்சியோடு எழுதினார். 1776ல் இயந்திரம் ஓடியது. பீரங்கிக் காப்புரிமை மட்டும் 1779ல் ரத்தாகிவிட்டது, ஒரே ஆளிடம் இந்த வித்தை மாட்டிக்கொள்வது கடற்படைக்குப் பிடிக்கவில்லை. பின்னாளில் இதே வில்கின்சன், வாட்டுக்குப் பணம் கட்டாமல் திருட்டுத்தனமாக நீராவி இயந்திரங்கள் செய்து மாட்டிக்கொண்டார் என்பது கணக்குப் பதிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி!

ஒரு பக்கம் பிடிப்பதற்கும் இரண்டு பக்கம் பிடிப்பதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு பதினாறு மடங்கு கூடும். பொருளும் பேசும்: அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பிளாஸ்டிக்கோ நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 3018 ரகத்தின் ஆரம்பகால இயந்திரங்களில் ஸ்பிண்டிலைப் பிடிக்கும் வளையம் எதனால் ஆனது என்று நினைக்கிறீர்கள்? பிளாஸ்டிக்!

1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே முழுக்க உலோகத்தில் மரை வெட்டும் லேத்து செய்தார். அதன்பின் நூறு வருடம், பட்டறை இயந்திரங்கள் கனத்துக்கொண்டே போயின. ஆனால் எவ்வளவு கனம் ஏற்றினாலும் சில நேரம் கத்தி 'கிர்ர்ர்' என்று கத்தும். பட்டறையில் இதைச் 'சாட்டர்' என்பார்கள். வெட்டு வேலையைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்கர் டெய்லர், 1906ல் ஆற்றிய ஒரு நீண்ட உரையில், இயந்திரத் தொழிலாளி சந்திக்கும் பிரச்சனைகளிலேயே இதுதான் மிகவும் புரியாதது என்று ஒப்புக்கொண்டார். காரணம் தெளிவானது 1950களில்தான். பிரிட்டனில் டோபையாஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் துலுஸ்தி ஆகியோர் கண்டது இது: கத்தியின் ஒரு பல் ஆடி ஒரு அலையை விட்டுச்செல்கிறது, அடுத்த பல் அந்த அலைமேல் ஏறி இன்னும் அதிகமாக ஆடுகிறது. மண்சாலையில் ஒரு வண்டி குலுங்கிய பள்ளத்தில் அடுத்த வண்டி இன்னும் வேகமாகக் குலுங்கி, கடைசியில் சாலை முழுக்க வரிவரியாகிவிடுமே, அதே கணக்கு. ஆகவே பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் ஆட்டம் 'கொஞ்சமாக' நிற்காது, தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹரிஹரில் 1941ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் லேத்துகளும், கோவை பிஎஸ்ஜி லேத்துகளும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றைக்கும் கண்ணில் படும். 1953ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் கூட்டோடு பெங்களூரில் ஹெச்எம்டி வந்தது. கைக்கடிகாரம்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் அது 1961ல் வந்த பிற்சேர்க்கை. பெயரிலேயே 'மெஷின் டூல்ஸ்' இருக்கிறது பாருங்கள். 1962ல் பெங்களூரிலேயே மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு அமைந்தது, துலுஸ்தி ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அதே நாடு. புதிதாக விடுதலை அடைந்த நாடு எஃகு ஆலை, அணை என்று மட்டும் ஓடாமல், 'ஆடாமல் பிடிக்கும்' வித்தையையும் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்த இடத்தில் ஒரு குறுக்குச்சால் ஓட்ட வேண்டும். எல்லா ஸ்பிண்டிலையும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டுமா? இல்லை! புதுச்சேரியின் பழைய பஞ்சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். (அதில் பெரியதான ஏஎஃப்டி 2020ல் மூடப்பட்டுவிட்டது.) நூற்பு இயந்திரத்தின் ஸ்பிண்டிலுக்குத் தமிழில் 'கதிர்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதிரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்களோ அவ்வளவு அதிர்ந்தது, வேகம் கூட்ட முடியவில்லை. 1870களில் அமெரிக்கர் ராபெத் அதைத் தலைகீழாக யோசித்தார். தாங்கியைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டார். கதிர் பம்பரம் மாதிரி தன் நடுவைத் தானே தேடிக்கொண்டு அமைதியாகச் சுற்றியது. இன்று அது நிமிடத்துக்கு 20,000 சுற்றையும் தாண்டுகிறது. காந்தியின் ராட்டையிலும் கதிரை இரும்பில் மாட்டவில்லை, தோலிலோ புல்திரியிலோ செய்த மெத்தென்ற தாங்கியில்தான் மாட்டினார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? நூல் எதிர்த்துத் தள்ளாது. மரமும் இரும்பும் தள்ளும். தள்ளுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் தளர்வு நல்லது, இருக்கிற இடத்தில் ஆபத்து. கோவையில் 1962ல் தேவராஜுலு தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் நூற்பு இயந்திரமும் செய்கிறது, 1988 முதல் ஜப்பானின் மோரி செய்கியோடு சேர்ந்து சிஎன்சி பக்கமும் வந்தது. தளர்ந்த ஸ்பிண்டில் ஒன்று, இறுகிய ஸ்பிண்டில் ஒன்று, இரண்டும் ஒரே கம்பெனியில்!

இப்போது சிஎன்சி. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தவர். வளைவுகளை எண்களாக மாற்றி இயந்திரத்துக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். 1949ல் எம்ஐடி ஆய்வகம் உள்ளே வந்தது, 1952ல் முதல் இயந்திரத்தைக் காட்டினார்கள். அவர்கள் புது உடம்பு எதுவும் செய்யவில்லை. சின்சினாட்டி கம்பெனியின் பெரிய மில்லிங் இயந்திரம் ஒன்றை எடுத்து, அதற்கு மூளையைப் பொருத்தினார்கள். உடம்பு ஏற்கெனவே நூறு வருட அனுபவத்தோடு தயாராக இருந்தது. விலை உயர்ந்தது மூளைதான்.

2005க்குப் பிறகு கணக்கு தலைகீழானது. இத்தாலியில் ஆர்டுயினோ பலகை வந்தது. 2009ல் நார்வேயின் ஸ்கோக்ஸ்ருட் அதில் ஓடும் 'ஜிஆர்பிஎல்' என்ற நிரலை இலவசமாகவே கொடுத்துவிட்டார். 2011ல் எட்வர்ட் ஃபோர்டின் ஷேப்போகோ வந்தது, அதன்பின் சீனப் பெட்டிகள். மூளை சில நூறு ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆனால் இரும்பு கிலோவுக்கு இவ்வளவு என்றுதானே விற்கிறது? அதைக் கப்பலேற்றவும் எடைக்குத்தான் காசு. ஆகவே விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கைவைக்கக்கூடிய இடம் உடம்பு ஒன்றுதான். வாங்குபவருக்கு விளம்பரத்தில் சுற்று வேகம் தெரியும், திரை தெரியும், எடை கடைசி வரியில் இருக்கும். என் பாடப்புத்தக மொழியில் சொன்னால், உற்பத்தியாளர் மிச்சம் பிடித்த செலவு வாங்குபவரின் கணக்கில் 'கழிவு' என்ற தலைப்பில் ஏறுகிறது.

என் பெரியப்பா மகன் கணக்கில் அப்படித்தான் ஏறியது. டிப்ளமோ முடித்த அண்ணன், சேமிப்பைப் போட்டு இப்படி ஒரு இயந்திரம் வாங்கி, புதுமனைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கிறார். ஆங்கில எழுத்து ஒழுங்காக வந்தது. தமிழ் எழுத்தில்தான் மாட்டிக்கொண்டார். நேர்கோட்டில் தளர்வு ஒளிந்துகொள்ளும், கத்தி திசை மாறும்போதுதான் வெளியே தெரியும். நம் 'ழ'வும் 'ஞ'வும் திசை மாறிக்கொண்டே இருக்கிற எழுத்துகள் அல்லவா? கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது 'இல்லம்' கோணலாகிவிட்டது என்று ஒருவர் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல தேக்கு. முன்பணமும் போயிற்று.

அண்ணன் சரிசெய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் மின்சாரத்தைப் பிடுங்கினார். டயல் கேஜை மேசையில் நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் மேல் வைத்து, கையால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். ஆட்டம் மூன்று இடத்தில் இருக்கலாம்: மோட்டாருக்குள் இருக்கும் பேரிங், பிடிக்கும் வளையம், அதற்குப் பின்னால் மேலும் கீழும் போகும் தட்டு. பலரும் பார்க்காமலே வளையத்தைப் போட்டு இறுக்குவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத்தில் மரை வழுக்கிவிடும், ஸ்பிண்டிலின் உறை நசுங்கிப் பேரிங் சூடாகும். காகிதமும் டேப்பும் மடித்து உள்ளே வைக்கிறவர்களும் உண்டு, வாட்டின் பழைய தொப்பி மாதிரி.

இங்கே பேரிங் நன்றாக இருந்தது. வளையம் லேசாக ஆடியது. பெரிய ஆட்டம் அதற்குப் பின்னால் இருந்த எம்டிஎஃப் பலகையில். அமுக்கிய மரத்தூள்தானே அது? ஐப்பசி கார்த்திகை மழையில் கடற்கரை ஈரத்தைக் குடித்து உப்பி, தையில் காய்ந்து சுருங்கி, போல்ட்டுத் துளைகள் பெரிதாகிவிட்டன. முப்பரிமாண அச்சில் செய்த பிஎல்ஏ வளையமாக இருந்தாலும் நம் ஊருக்கு ஆகாது, 60 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும்.

எம்டிஎஃப் இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு போட்டார். ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு, ஒன்று ஸ்பிண்டிலின் மேல் முனைக்கு அருகில், ஒன்று கத்திக்கு அருகில். வில்கின்சன் இரண்டு பக்கம் பிடித்த மாதிரியேதான். இரண்டு வளையத்தையும் ஊரில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினோம். அங்கே நின்றது ஒரு பழைய மைசூர் கிர்லோஸ்கர், பச்சைப் பெயின்ட் உரிந்து, டன் கணக்கில் எடையோடு. 52 மில்லிமீட்டர் துளையை அது முணுமுணுக்காமல் வெட்டிக் கொடுத்தது. இரண்டு வளையத்தையும் தளர்வாக மாட்டி, ஸ்பிண்டிலை நுழைத்த பிறகே போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார், அப்போதுதான் இரண்டும் ஒரே நேரில் உட்காரும். பிறகு டயலை ஸ்பிண்டிலில் கட்டிக் கையால் சுற்றி, மேசையின் நாலு மூலையிலும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் முள் விலகியது. தட்டுக்குப் பின்னால் குளிர்பானத் தகர டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டு ஒன்றைச் செருகிச் சரிசெய்தார்.

கத்தி இப்போது காலெட்டிலிருந்து முன்பைவிடப் பாதி நீளம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மடங்குக் கணக்கை நான்தான் சொன்னேன். தேக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போவதில்லை. 'ழ' வட்டமாக வருகிறது. மழைக்காலம் முழுக்க, சனிக்கிழமை காலையில் அந்தப் போல்ட்டுகளை ஆலன் சாவி போட்டு ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறார்.